ஹம்பக்கர் பிக்கப் தேர்ந்தெடுப்பது எப்படி: அளவெடுப்பதில் தொடங்கி உயரம் சரிசெய்வது வரை முழுமையான வழிகாட்டி

எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம் பிக்கப்; இரண்டு காயில்களால் இரைச்சலை அடக்கும் பிக்கப்தான் ஹம்பக்கர். புது ஹம்பக்கர் தேடுகிற பலரும் முதலில் பார்ப்பது கிலோ ஓம் எண்ணைத்தான், அதாவது காயிலின் மின்தடையை. 8 என்றால் மென்மை, 16 என்றால் முரடு என்று அதை வைத்தே ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு எண்ணை வைத்து ஒலியைக் கணிக்க முடியாது. பிக்கப்பின் இண்டக்டன்ஸ் (காயிலின் மின்தூண்டல் அளவு), உங்கள் கேபிளின் நீளம், உள்ளே இருக்கும் பாட்டின் (வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடை) மதிப்பு மூன்றும் சேர்ந்துதான் ஒலியை முடிவு செய்கின்றன. அதனால் கடைப் பக்கத்தைத் திறப்பதற்கு முன்னால் கையில் இருக்கும் கிட்டாரிலிருந்தே தொடங்குவோம்.

எந்த இரைச்சல் போகும், எது போகாது

கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த சேத் லவர் 1955-ல் ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், கிடைத்தது 1959-ல். அந்தக் காலத்து பிக்கப்புகளின் அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்று ஆங்கிலத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் முதலெழுத்துகள்தான், இன்று எல்லோரும் சொல்லும் ‘பி.ஏ.எஃப்.’

அமைப்பு எளிது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு காயில்கள், அடியில் ஒரு பட்டைக் காந்தம். ஒரு காயிலின் போல்கள் (கம்பிகளுக்கு நேர் கீழே இருக்கும் உலோகத் துண்டுகள்) வடதுருவம், மற்றதன் போல்கள் தென்துருவம். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இணைக்கப்பட்டிருக்கும். கரண்ட் லைனிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் ‘உம்ம்’ சத்தம் இரண்டு காயிலிலும் ஒரே மாதிரி ஏறுவதால் ஒன்றையொன்று அடித்துவிடுகிறது. கம்பியின் அதிர்வு மட்டும் துருவமும் மாறி, சுற்றும் மாறி வருவதால் கூடிக்கொள்கிறது.

இது ஒழிப்பது காந்தப்புல இரைச்சலை மட்டும்தான். டியூப் லைட், மொபைல் சார்ஜர், டிம்மர் ஆகியவற்றிலிருந்து வரும் ‘ஸ்ஸ்ர்’ என்ற கூர்மையான சத்தத்தைக் காயிலை இரட்டிப்பதால் நிறுத்த முடியாது. அதற்கு எர்த்திங்கும், கிட்டாரின் குழிக்குள் ஒட்டும் செப்புத் தகடும் வேண்டும். எது உங்கள் பிரச்சினை என்று இப்படிச் சோதியுங்கள். ஆம்ப்பை ஆன் செய்து, கிட்டாரோடு நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றுங்கள். திசைக்குத் திசை இரைச்சல் கூடிக் குறைந்தால் காந்தப்புல ஹம். ஹம்பக்கர் அதைத் தீர்க்கும். திசை எதுவானாலும் மாறாமல், கம்பியைத் தொட்டால் மட்டும் குறைந்தால் ஷீல்டிங் (செப்புத் தகட்டுக் கவசம்) போதவில்லை. தொட்டால் இரைச்சல் கூடினால் பிரிட்ஜுக்கு (உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பாகம்) போகும் எர்த் வயர் விட்டிருக்கலாம், அல்லது பிளக் பாயிண்டில் எர்த் இல்லாமல் இருக்கலாம். கையில் சுருக்கென்று ஷாக் அடித்தால் வாசிப்பதை அப்போதே நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இருப்பதை முதலில் அளந்து பாருங்கள்

கிட்டாரைத் திறக்கவே வேண்டாம். கேபிளை ஜாக்கில் சொருகி, வால்யூமையும் டோனையும் முழுதாக ஏற்றி, மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் ரேஞ்சில் வைத்து கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் தண்டுக்கும் இடையே அளந்துகொள்ளுங்கள். 8 கிலோ ஓம் பிக்கப் 500 கிலோ ஓம் பாட்டோடு சேர்ந்து சுமார் 7.9 என்று காட்டும். இந்த ரேஞ்சில் எண்ணே வராமல், மீட்டரை 2 மெக் ஓமுக்கு மாற்றினால் 500 கிலோ ஓமுக்குப் பக்கத்தில் காட்டினால் காயில் அறுந்திருக்கிறது, அல்லது இணைப்பு விட்டிருக்கிறது. நீங்கள் பார்ப்பது வெறும் பாட்டின் மதிப்பு.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். செம்புக் கம்பியின் மின்தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 8.0 காட்டிய பிக்கப், 32 டிகிரி அறையில் 8.4-க்குப் பக்கத்தில் காட்டும். ‘எட்டு என்று போட்டிருந்தது, எட்டரை வருகிறது, போலியோ’ என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

அடுத்து பிக்கப்பின் உயரத்தைச் சரிசெய்து கேளுங்கள். அளவுகள் கீழே இருக்கின்றன. ஒலி மந்தமாக இருக்கிறது என்று பிக்கப் மாற்றுகிறவர்களில் பலருக்கு, ஒரு திருப்புளியால் ஒன்றரை மில்லிமீட்டர் இறக்கினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். அதன் பிறகும் குறை இருந்தால் அதை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள்: “பிரிட்ஜில் டிஸ்டார்ஷன் போட்டால் தடித்த கம்பிகள் குழைகின்றன”, “நெக்கில் கிளீன் வாசித்தால் சேறு மாதிரி இருக்கிறது”. (பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருப்பது பிரிட்ஜ் பிக்கப், கிட்டாரின் கழுத்துப் பக்கம் இருப்பது நெக் பிக்கப்.) இந்த வரிதான் பின்னால் மாடலைத் தேர்ந்தெடுக்கும்.

பொருந்துமா: நாலு அளவுகள்

முதலாவது, போல் இடைவெளி. பிக்கப் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே முதல் கம்பியின் நடுவிலிருந்து ஆறாவது கம்பியின் நடுவரை ஸ்கேலால் அளங்கள். 49–50 மி.மீ. வந்தால் கிப்சன் அளவு. 51–53 வந்தால் அகல அளவு. டிமார்ஸியோ இதை ‘எஃப் ஸ்பேஸ்’ என்றும், சீமோர் டங்கன் ‘டிரெம்பக்கர்’ என்றும் விற்கிறார்கள். டிரெமலோ பிரிட்ஜ் (கைப்பிடியால் அசைக்கும் பிரிட்ஜ்) உள்ள கிட்டார்களின் பிரிட்ஜ் பக்கத்துக்கு இதுதான் பெரும்பாலும் வேண்டியிருக்கும். நெக் பக்கம் கம்பிகள் நெருங்கிவிடுவதால் அங்கே கிப்சன் அளவே போதும். ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் காதுக்குத் தெரியாது, கண்ணுக்குத்தான் உறுத்தும். அதற்காகப் பிடித்த பிக்கப்பை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, அடித்தகட்டின் கால்கள். பழைய கிப்சன் பாணியில் கால் நீளம். குழி ஆழமில்லாத கிட்டாரில் அடியில் இடிக்கும். குழியின் ஆழத்தை ஒரு தீக்குச்சியை விட்டு அளந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, உயர ஸ்க்ரூ. அமெரிக்க பிக்கப்புகளில் பெரும்பாலும் அங்குல மரை, ஆசியத் தயாரிப்புகளில் மெட்ரிக் மரை. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பழைய ஸ்க்ரூவைப் புதுக் காலில் வம்படியாகத் திருகினால் மரை நாசமாகும். புது பிக்கப்போடு வரும் ஸ்க்ரூவையே போடுங்கள்.

நான்காவது, வயர். நாலு வயரும் உறையில்லாத ஒரு வெறும் கம்பியும் உள்ள கேபிள் வாங்கினால் காயிலைப் பிரிக்கலாம் (ஒன்றை மட்டும் ஒலிக்க விடலாம்), பேஸ் (phase, சிக்னலின் திசை) மாற்றலாம். பழைய பாணிப் பின்னல் உறை வயரில் இந்த வசதி கிடையாது. பின்னலே எர்த் என்பதால் இரண்டையும் மாற்றிப் போட்டால் உலோக மூடி முழுவதும் சிக்னல் பாயும், தொட்டதும் இரைச்சலாகும். பழைய தோற்றம் முக்கியம் இல்லாத யாருக்கும் நாலு வயர்தான் சரி.

ஓமைத் தாண்டி

ஓம் எண் காயில் கம்பியின் நீளத்தையும் தடிமனையும் மட்டும் சொல்கிறது. 42 கேஜ் கம்பி (0.063 மி.மீ. தடிமன்) சுற்றிய பழைய பாணி ஹம்பக்கரில் ஒவ்வொரு காயிலிலும் சுமார் 5000 சுற்றுகள், மொத்தம் 7 முதல் 9 கிலோ ஓம். அதே 5000 சுற்றை இன்னும் மெல்லிய 43 கேஜில் சுற்றினால் ஓம் கணிசமாக ஏறும், ஆனால் சுற்று எண்ணிக்கை அதேதான். சத்தம் அந்த அளவுக்கு ஏறாது. ஆகவே ஒரே கேஜ், ஒரே காந்தம், ஒரே வடிவம் உள்ள இரண்டு பிக்கப்புகளை ஒப்பிடும்போது மட்டும் ஓமைப் பாருங்கள்.

உண்மையில் உதவுவது இண்டக்டன்ஸ். ஹென்றி கணக்கில் சொல்வார்கள். நல்ல தயாரிப்பாளர்கள் பலர் இதை வெளியிடுகிறார்கள். பி.ஏ.எஃப். வகை சுமார் 4 முதல் 5 ஹென்றி. அதிகம் சுற்றிய பிரிட்ஜ் பிக்கப்புகள் 7, 8 என்று போகும்.

இது ஏன் முக்கியம்? பிக்கப்பின் இண்டக்டன்ஸும் கேபிளின் கெபாசிட்டன்ஸும் (மின்தேக்கும் அளவு) சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் உச்சம் காட்டும். அந்த உச்சத்துக்கு மேலே எல்லாம் சரிந்துவிடும். சாதாரண கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோ ஃபேரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 மீட்டர் கேபிள், அதோடு பிக்கப்பின் உள்ளேயே இருக்கும் 100 சேர்த்து 700 பிக்கோ ஃபேரட். 4.5 ஹென்றி பிக்கப்புக்கு உச்சம் சுமார் 2800 ஹெர்ட்ஸில் விழும். 8 ஹென்றிக்குச் சுமார் 2100 ஹெர்ட்ஸ். முதலாவதில் பிக் படும் ‘டிக்’ கேட்கும், கோர்டில் ஒவ்வொரு கம்பியும் தனியாகத் தெரியும். இரண்டாவதில் நடுப்பகுதி முன்னால் வரும், மேல்பகுதி மூடிக்கொள்ளும். விளம்பரத்தில் ‘கதகதப்பு’ என்றும் ‘தெளிவு’ என்றும் எழுதுவது பெரும்பாலும் இந்த 700 ஹெர்ட்ஸ் தூரத்தைத்தான்.

இதிலிருந்து ஒரு செலவில்லாத சோதனை கிடைக்கிறது. பிக்கப் மந்தமாக இருக்கிறதா? யாரிடமாவது 3 மீட்டர் கேபிள் வாங்கிச் சொருகிப் பாருங்கள். 4.5 ஹென்றி பிக்கப்பின் உச்சம் 3700-க்குப் பக்கத்தில் ஏறிவிடும். அதுவே போதும் என்றால் பிக்கப்புக்குக் கொடுக்க இருந்த பணம் மிச்சம். பஃபர் (நீளக் கேபிளையும் தாங்கும் வலுவோடு சிக்னலைத் தரும் சுற்று) உள்ள பெடலை கிட்டாருக்கு அடுத்ததாகப் போட்டால், அதற்குப் பிறகு வரும் கேபிளின் நீளம் பிக்கப்பைப் பாதிக்காது.

காந்தமும் மூடியும்

ஆல்னிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்தம். ஆல்னிகோ 2: மென்மையான தாக்கம், கொஞ்சம் தளர்ந்த தாழ்சுருதி. ஆல்னிகோ 5: அதைவிட வலு, இறுக்கம், கூர்மை. செராமிக்: இன்னும் வலு, அதிக கெயினிலும் (ஆம்ப்பில் ஒலியை முரடாக்கும் அளவு) தாழ்சுருதி குழையாது. செராமிக் என்றாலே கரடு என்பது தவறான பேச்சு. செராமிக் போட்ட பிக்கப்புகளில் சுற்றும் அதிகம் இருப்பதால்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

மூடி நிக்கல் சில்வரா பித்தளையா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான பித்தளை மூடி உயர்சுருதியை விழுங்கும். நிக்கல் சில்வரில் அந்த இழப்பு மிகக் குறைவு. கூடவே மெழுகு ஊறவைத்ததா என்றும் பாருங்கள். பழைய பி.ஏ.எஃப். பிக்கப்புகளில் மெழுகு கிடையாது. காயில் கம்பிகள் தாமே அதிர்ந்து, ஆம்ப்பைக் கூட்டினால் ‘கீய்ய்’ என்று வீறிடும். அதிக கெயின் வாசிப்பவர் மெழுகு இல்லாததைத் தொடவே கூடாது.

எந்த இடத்துக்கு எது

பிரிட்ஜ் அருகே கம்பி ஆடும் தூரம் குறைவு. அதனால் பிரிட்ஜ் பிக்கப்புக்கு அதிகச் சுற்றும், நெக்குக்குக் குறைந்த சுற்றும் கொடுத்தால்தான் இரண்டும் சமமாக ஒலிக்கும். ஒரே மாதிரி இரண்டை வாங்கிப் போட்டால் நெக் அடித்துப்போடும், பிரிட்ஜ் மெலியும்.

கிளீன், ப்ளூஸ், பழைய ராக் என்றால் சீமோர் டங்கனின் ‘59, கிப்சனின் ‘57 கிளாசிக் போன்ற பி.ஏ.எஃப். வகை. முதலாவது ஆல்னிகோ 5, இரண்டாவது ஆல்னிகோ 2. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கையில் வாசிக்கும்போது நன்றாகவே தெரியும். முதலில் வாங்குகிறவருக்கு எங்கள் பரிந்துரை இந்த வகைதான்: கெயினை ஆம்ப்பில் கூட்டிக்கொள்ளலாம், பிக்கப்பில் தொலைந்த உயர்சுருதியைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஹார்ட் ராக்குக்கு பிரிட்ஜில் சீமோர் டங்கன் ஜேபி (ஆல்னிகோ 5, சுமார் 16.4 கிலோ ஓம்) அல்லது டிமார்ஸியோ சூப்பர் டிஸ்டார்ஷன் (செராமிக்). மாற்று பிக்கப் என்ற வியாபாரமே 1970-களின் தொடக்கத்தில் வந்த இந்த சூப்பர் டிஸ்டார்ஷனோடுதான் சூடுபிடித்தது. ஜேபியின் உயர்நடுப்பகுதி சில கிட்டார்களில் காதைக் குத்தும். வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

இறுக்கமான மெட்டலுக்கு ஈஎம்ஜி 81 போன்ற ஆக்டிவ் (பேட்டரியில் இயங்கும் பிக்கப்). அதற்கு 9 வோல்ட் பேட்டரிக்கு இடம், 25 கிலோ ஓம் பாட், ஸ்டீரியோ ஜாக் மூன்றும் வேண்டும். வாசிக்காதபோது கேபிளைக் கழற்றாவிட்டால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். ஒரு ஆக்டிவ், ஒரு சாதாரணம் என்று கலக்காதீர்கள்: 25 கிலோ ஓம் பாட்டில் சாதாரண பிக்கப் மூச்சுத் திணறும், 500-ல் ஆக்டிவின் வால்யூம் சுவிட்ச் மாதிரி திடீரென்று ஏறி இறங்கும்.

பாட், கெபாசிட்டர்

ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் பாட், 0.022 மைக்ரோ ஃபேரட் கெபாசிட்டர். ஒலி கூர்மையாகப் பட்டால் 250 கிலோ ஓம் வால்யூம் பாட் போட்டு அடக்கலாம். ஜேபிக்குப் பலரும் இதைச் செய்கிறார்கள். ஒரு ஹம்பக்கர், இரண்டு சிங்கிள் காயில் உள்ள கிட்டாரில் 500 போட்டால் சிங்கிள்கள் கீச்சிடும். அப்போது சிங்கிள்களின் ஹாட்டுக்கும் (சிக்னல் வரும் வயர்) எர்த்துக்கும் இடையே 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை, அவை தேர்வாகும்போது மட்டும் வருகிற மாதிரி சுவிட்ச் வழியாகக் கொடுங்கள். 500-ம் 470-ம் சேர்ந்து சுமார் 242 ஆகும். சிங்கிள்களுக்கு வேண்டியது அதுதான்.

பொருத்துதல்

வேண்டியவை: 40 வாட் சால்டரிங் அயர்ன் (தட்டை நுனி), 60/40 ஈயம் 0.8 மி.மீ., ஈயம் உறிஞ்சி, ஹீட் ஷ்ரிங்க் குழாய், மல்டிமீட்டர், உப்புத்தாள்.

1. பழைய வயரிங்கை வெளிச்சத்தில் இரண்டு மூன்று கோணத்தில் போட்டோ எடுங்கள். கம்பிகளைக் கழற்றி, மேல்பலகையைத் துணியால் மூடுங்கள்; ஈயத்துளி வார்னிஷில் விழுந்தால் கறை போகாது.

2. பழைய வயரை வெட்டாமல் ஈயத்தை உருக்கி எடுங்கள். நாளைக்கு விற்கவோ திரும்பப் போடவோ முழு நீளம் வேண்டும்.

3. புது பிக்கப்பின் வயர்களைப் பிரியுங்கள். சீமோர் டங்கன்: கறுப்பு ஹாட், சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேர்த்து மூட வேண்டும், பச்சையும் வெறும் கம்பியும் எர்த். டிமார்ஸியோ: சிவப்பு ஹாட், கறுப்பும் வெள்ளையும் சேர்த்து மூட வேண்டும், பச்சையும் வெறும் கம்பியும் எர்த். ஒன்றில் கறுப்பு ஹாட், இன்னொன்றில் கறுப்பு நடு இணைப்பு. நிறத்தை மட்டும் நம்பி ஒரு நிறுவனத்தின் படத்தை இன்னொன்றுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

4. ஈயம் வைப்பதற்கு முன் பேஸ் சோதனை. மீட்டரை பிக்கப்பின் ஹாட்டுக்கும் எர்த்துக்கும் கொடுத்து, இரும்புத் திருப்புளியைப் போல்கள் மீது படுக்கவைத்து வெடுக்கென்று எடுங்கள். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். கிட்டாரில் இருக்கும் மற்ற பிக்கப்பிலும் இதேபோல் செய்யுங்கள். இரண்டும் ஒரே பக்கம் போனால் சரி. எதிரெதிராகப் போனால் புதியதன் ஹாட்டையும் பச்சையையும் இடம் மாற்றுங்கள். வெறும் கம்பி எப்போதும் எர்த்திலேயே இருக்க வேண்டும்.

5. பாட்டின் முதுகை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி எர்த் வயரைப் பற்றவையுங்கள். ஐந்து விநாடிக்கு மேல் சூடு வைத்தால் உள்ளே கரித்தடம் கெடும். ஈயம் பளபளப்பாகப் படர வேண்டும். உருண்டையாக நின்றால் ஒட்டவில்லை.

6. கம்பி மாட்டும் முன் ஆம்ப்பில் சொருகி, வால்யூமைக் குறைத்து வைத்துத் திருப்புளியால் போல்களைத் தட்டுங்கள். இரண்டு வரிசைப் போலிலும் ‘டொக்’ சமமாகக் கேட்க வேண்டும்.

காயில் ஸ்ப்ளிட் வேண்டுமென்றால், சேர்த்து மூடிய அந்த இரண்டு வயரையும் புஷ்-புல் பாட் (இழுத்தால் சுவிட்சாகவும் வேலை செய்யும் பாட்) வழியாக எர்த்துக்குக் கொண்டுபோங்கள். ஒரு காயில் மௌனமாகும், கூடவே ஹம் திரும்பி வரும், சத்தமும் இறங்கும். 8 கிலோ ஓம் பிக்கப்பைப் பிரித்தால் ஒலி மிகவும் மெலிந்துவிடும். அங்கே இரண்டு காயிலையும் பேரலலாக இணைப்பது நல்ல வழி: பளிச்சென்ற ஒலி, ஹம்மும் வராது.

உயரம்

புதுக் கம்பி போட்டு, டியூன் செய்து, முதல் கம்பியையும் ஆறாவதையும் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடியுங்கள். கம்பியின் அடிப்பாகத்துக்கும் போலுக்கும் இடைவெளி: நெக்கில் 2.4 மி.மீ., பிரிட்ஜில் 1.6 மி.மீ. இது கிப்சன் சொல்லும் அளவு, தொடங்க நல்ல இடம். வலுவான செராமிக் பிக்கப்பை 3 மி.மீ.-லிருந்து தொடங்கி மேலே கொண்டுவாருங்கள். கிளீன் ஒலியில் இரண்டு பிக்கப்பையும் மாற்றி மாற்றிக் கேட்டு, சத்தமானதை இறக்குங்கள், மெலிந்ததை ஏற்றாதீர்கள். நெக் பிக்கப்பின் தடித்த கம்பிப் பக்கத்தை மட்டும் அரை மில்லிமீட்டர் கூட இறக்கினால் சேறு தெளியும்.

அதன் பிறகே போல் ஸ்க்ரூ. மேலே கம்பி சுற்றாத மூன்றாவது கம்பி பெரும்பாலும் துருத்திக்கொண்டு கேட்கும். அதன் ஸ்க்ரூவை அரைச் சுற்று இறக்குங்கள்.

கோளாறுகள்

புது பிக்கப் தனியாகவே தகர டப்பா போல ஒலிக்கிறது, ஹம்மும் அதிகம் என்றால், உள்ளே இரண்டு காயிலும் ஒன்றுக்கொன்று எதிராக இணைந்திருக்கின்றன. அப்போது கம்பியின் ஒலி கழிந்து, ஹம் கூடுகிறது. நடு இணைப்பு வயர்கள் தவறு; மூன்றாம் படியைத் திரும்பப் பாருங்கள்.

தனித்தனியாக நன்றாக இருந்து, சுவிட்சை நடுவில் வைத்தால் மட்டும் மெலிந்தால் இரண்டு பிக்கப்புக்கு இடையே பேஸ் மாறியிருக்கிறது. நான்காம் படி.

சத்தம் பாதி, ஆனால் தெளிவு: நடு இணைப்பு எங்கோ எர்த்தைத் தொடுகிறது, ஒரு காயில்தான் வேலை செய்கிறது. ஹீட் ஷ்ரிங்க் போடாமல் வெறும் டேப் சுற்றியவர்களுக்கு இது வெயில் காலத்தில் வரும். பசை இளகி டேப் நழுவிவிடும்.

ஒன்றுமே கேட்கவில்லை என்றால் ஜாக்கில் அளங்கள். பூஜ்யத்துக்கு அருகில் காட்டினால் ஹாட் வயர் எங்கோ எர்த்தில் ஒட்டுகிறது; குழியின் செப்புத் தகட்டில் ஜாக்கின் நுனி உரசுவதுதான் அடிக்கடி நடக்கும் காரணம், அங்கே ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டினால் போதும். 500 கிலோ ஓம் காட்டினால் பிக்கப் இணைப்பு விட்டிருக்கிறது.

அதிக கெயினில் வீறிடுகிறது என்றால் பிக்கப்பைக் குறை சொல்லும் முன் மவுண்டிங் ரிங்கையும் ஸ்பிரிங்குகளையும் விரலால் அழுத்திப் பிடித்து மறுபடி கேளுங்கள். சத்தம் நின்றால் ஸ்பிரிங்தான் அதிர்கிறது. அதற்குப் பதில் ரப்பர் குழாய்த் துண்டு போடுங்கள். நிற்கவில்லை, உலோக மூடியைத் தட்டினால் ஸ்பீக்கரில் மைக் போல எதிரொலிக்கிறது என்றால் மூடிக்கும் காயிலுக்கும் இடையே மெழுகு இல்லை. மெழுகு முக்குவதை வீட்டு அடுப்பில் முயல வேண்டாம். 65 டிகிரிக்கு மேல் போனால் பாபின் (காயில் சுற்றிய சட்டம்) வளைந்து காயில் அறுந்துவிடும். டபுள் பாய்லரும் தெர்மாமீட்டரும் வைத்திருக்கும் கிட்டார் டெக்னீஷியனிடம் கொடுங்கள்.